ரோட்டோர கம்பத்து டப்பா அலுத்துப் போனவங்களுக்கு: உருப்படியான ஜியோகேஷ் தேடுறதும் ஒளிச்சு வைக்கிறதும்

உங்க கேள்விய ரெண்டு தடவை படிச்சேன். புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வரி: ஒருத்தர் ஒளிச்சு வச்ச டப்பாவ, அதுதான் கேஷ், ஜிபிஎஸ் நம்பர வச்சு மத்தவங்க தேடிக் கண்டுபிடிக்கிற விளையாட்டுதான் ஜியோகேஷிங். முப்பது கேஷ் கிட்ட கண்டுபிடிச்சிருக்கீங்க, அதுல பாதிக்கு மேல கம்பத்துக்குப் பின்னாடி ஒட்டின காந்த டப்பா, இல்லன்னா வேலியோரத்துல ஒரு பிலிம் டப்பா, உள்ள இருக்கிற லாக் காகிதத்துல பேர் போட்டுட்டுத் திரும்பினா எங்க போனோம்னே ஞாபகம் இல்ல, இப்ப சொந்தமா ஒண்ணு வைக்கணும்னு ஆசை வந்திருக்கு, என்ன டப்பா வாங்கலாம், எங்க ஒளிக்கலாம்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசில ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, "வர்றவங்க நேரம் வீணாப் போச்சுன்னு நினைக்கக் கூடாது"ன்னு, எனக்கு அதுதான் நிஜமான கேள்வியா படுது. டப்பா, இடம் எல்லாம் அதுக்குக் கீழ வர்ற விஷயம். நான் பல வருஷமா தேடிட்டும் இருக்கேன், சில கேஷுகள பராமரிச்சுட்டும் இருக்கேன், அந்த அனுபவத்துல இருந்து சொல்றேன். எது எழுதி வச்ச விதி, எது என் சொந்த அபிப்பிராயம்னு அங்கங்க பிரிச்சே சொல்லிடறேன், ஏன்னா இந்த ஹாபில ரெண்டையும் போட்டுக் குழப்புறவங்க ஜாஸ்தி.

முதல்ல கொஞ்சம் பழைய கதை, உங்க அலுப்புக்குக் காரணம் அங்கதான் இருக்கு. 2000 மே மாசம் வரைக்கும் பொதுமக்களுக்குக் கிடைச்ச ஜிபிஎஸ் சிக்னல்ல அமெரிக்க அரசு வேணும்னே பிழைய கலந்து விட்டுட்டு இருந்தாங்க, 100 மீட்டர் வரைக்கும் கூட தள்ளிக் காட்டும். அத நிறுத்தினது 2000 மே 2. மறுநாளே, மே 3, டேவ் உல்மர்னு ஒருத்தர் ஆரிகன் மாநிலத்துல பீவர்க்ரீக் பக்கத்துக் காட்டுல ஒரு பிளாஸ்டிக் வாளிய வச்சுட்டு, அதோட கோஆர்டினேட்ஸ, அதாவது அந்த இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகை நம்பர, இணையத்துல ஒரு செய்திக்குழுல போட்டார், உள்ள ஒரு லாக் புக்கு, பென்சில், கொஞ்சம் பொருள், ஏதாவது எடுத்துக்கிட்டு ஏதாவது வச்சுட்டுப் போங்கன்னு ஒரு வரி. சில நாள்லயே ஆள் போய் கண்டுபிடிச்சுட்டாங்க, அதே வருஷம் செப்டம்பர் 2ஆம் தேதி ஜெரமி ஐரிஷ், கேஷுகள பட்டியல் போடற ஜியோகேஷிங்.காம் தளத்த ஆரம்பிச்சார். அப்ப இருந்த பிரமிப்பு என்னன்னா, வெறும் நம்பர வச்சுக்கிட்டு முன்னப்பின்ன தெரியாத காட்டுல ஒரு வாளிய கண்டுபிடிக்க முடியுதேங்கறது. அந்தக் கருவியே அதிசயம், அதனால வாளி எங்க இருந்தாலும் சரி. இன்னைக்கு அந்தக் கருவி எல்லார் பாக்கெட்டுலயும் இருக்கு, நம்பர பின்தொடர்ந்து போறதுல யாருக்கும் மயிர்க்கூச்செறியாது. ஆக அந்த பிரமிப்ப இப்ப ஒளிச்சு வைக்கிறவர்தான் கொண்டு வரணும், அவர் கொண்டு வரலைன்னா மிஞ்சுறது நீங்க சொன்ன கம்பத்து டப்பாதான்.

இதுக்கும் ரொம்ப முன்னாடியே இங்கிலாந்துல டார்ட்மூர்ல லெட்டர்பாக்ஸிங்னு ஒண்ணு ஆரம்பிச்சுது, 1854ல ஜேம்ஸ் பெரட்னு ஒரு வழிகாட்டி, கிரான்மியர் பூல்னு சதுப்புக்கு நடுவுல இருக்கிற, போய்ச் சேரவே சிரமமான ஒரு இடத்துல ஒரு பாட்டில வச்சார், அவ்வளவு தூரம் நடந்து வர்றவங்க தங்க கார்ட அதுல போட்டுட்டுப் போவாங்க. அங்க கருவியும் இல்ல, டப்பாவுல விசேஷமும் இல்ல, நடையும் இடமும்தான் விஷயம், பாட்டில் வந்ததுக்கு அத்தாட்சி அவ்வளவுதான். என்னைக் கேட்டா நல்ல கேஷுக்கு இந்த வரிசைதான் சரி. டப்பா அங்க இல்லாட்டியும் அந்த இடத்துக்கு ஒரு தடவை போகலாமான்னு கேட்டுப் பாருங்க, ஆமான்னா பாதி வேலை முடிஞ்சுது. இல்லைன்னா, அந்தக் குறைய ஈடு கட்டற மாதிரி ஒளிச்ச விதத்துலயோ புதிர்லயோ ஏதாவது இருக்கணும். மூணும் இல்லைன்னா அத வைக்காம இருக்கிறதே ஹாபிக்கு நல்லதுன்னு நான் நினைக்கிறேன். இது என் அபிப்பிராயம், எந்தக் கைடுலைன்லயும் இப்படி எழுதல, ஒரே பாதைல நூத்துக்கணக்குல வரிசையா வச்ச பவர் டிரெயில ஓடி ஓடி லாக் பண்றதுல சந்தோஷப்படறவங்களும் இருக்காங்க, அவங்க விளையாடற விதமே வேற. உங்க கேள்வி அவங்க ரகம் இல்லன்னு தெரிஞ்சதால இப்படிச் சொல்றேன்.

சரி, தேடற பக்கத்துக்கு வருவோம், ஏன்னா நல்லா ஒளிக்கணும்னா நல்லதுகள நிறைய பார்த்திருக்கணும். மேப்ப திறந்து பக்கத்துல எது இருக்கோ அதுக்குப் போறதுதான் அலுப்போட மூலகாரணம். பேவரிட் பாயின்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, பிரீமியம் மெம்பருக்கு 10 கேஷ் கண்டுபிடிச்சா 1 பாயின்ட் கிடைக்கும், அத பிடிச்ச கேஷுக்குக் கொடுக்கலாம். பத்துக்கு ஒண்ணுதான்ங்கறதால யாரும் கண்டமேனிக்கு அள்ளிக் கொடுக்க முடியாது, அதனால அது ஓரளவுக்கு நம்பலாம். ஆனா மொத்த எண்ணிக்கைய மட்டும் பார்க்காதீங்க, டூரிஸ்ட் கூட்டம் வர்ற இடத்துல இருக்கிற சாதாரண கேஷுக்குக் கூட பாயின்ட் குவிஞ்சிருக்கும், எத்தனை பேர் கண்டுபிடிச்சாங்க, அதுல எத்தனை பேர் கொடுத்தாங்கன்னு விகிதத்த பாருங்க. அதவிட நம்பகமான அறிகுறி லாகுகள், அதாவது தேடிப் போனவங்க தளத்துல எழுதற பதிவுகள். வெறும் நன்றின்னு ஒரே வார்த்தை வரிசையா கிடந்தா அந்த கேஷப் பத்தி சொல்ல யாருக்கும் எதுவும் இல்லன்னு அர்த்தம். அதுவே ஆளுக்கு ஒரு பத்தி எழுதியிருந்தா, மேல ஏறினதும் காத்து எப்படி இருந்துச்சு, எவ்வளவு நேரம் தேடினோம், கூட வந்த பையன் முதல்ல பார்த்துட்டான்னு எழுதியிருந்தா, கண்ண மூடிட்டு கிளம்பலாம். ஒரு கட்டத்துல இருந்து அடுத்த கட்டத்துக்குன்னு நடந்து போக வேண்டிய மல்டி கேஷுகளுக்கு லாக் கம்மியா இருக்கும், அதுக்காக ஒதுக்காதீங்க, எனக்குப் பிடிச்சதுல பெரும்பாலானது அந்த வகைலதான் இருக்கு. எர்த்கேஷும் பாருங்க, அதுல டப்பாவே கிடையாது, 2004ல அமெரிக்க புவியியல் சங்கத்தோட சேர்ந்து ஆரம்பிச்சது, ஒரு பாறை அடுக்கோ ஊற்றோ ஏதோ ஒண்ண நேர்ல பார்த்து, அளந்து, அந்த கேஷ உருவாக்கின ஓனர் கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்பணும். இடத்தையே கண் திறந்து பார்க்க வைக்கிறதுல அத மிஞ்ச எதுவும் இல்ல.

கிளம்பறதுக்கு முன்னாடி தளத்துல அந்த கேஷோட பக்கத்துல சைஸ், டிஃபிகல்டி (கண்டுபிடிக்கிற கஷ்டம்), டெரெய்ன் (போய்ச் சேர்ற கஷ்டம்) மூணையும் பார்த்துடுங்க, கடைசி ரெண்டுக்கும் 1ல இருந்து 5 வரைக்கும் ரேட்டிங். மைக்ரோன்னா 100 மில்லிக்குக் கீழ, ஸ்மால்னா 100 மில்லில இருந்து 1 லிட்டர், ரெகுலர்னா 1ல இருந்து 20 லிட்டர், அதுக்கு மேல லார்ஜ். ரெகுலர்னு போட்டிருக்கிறப்போ வேலிக் கம்பியோட குழாய்க்குள்ள விரல விட்டுத் தேடிட்டு இருக்கிறவங்கள நிறைய பார்த்திருக்கேன். கடைசி நாலஞ்சு லாகும் டிஎன்எஃப், அதாவது கிடைக்கலன்னு இருந்து, டிஃபிகல்டியும் 1.5தான்னா டப்பா போயிருக்க வாய்ப்பு அதிகம். அதுவே டிஃபிகல்டி 4னா அந்த டிஎன்எஃப் எல்லாம் சகஜம்.

ஸ்பாட்டுக்குப் போனதும் நடக்கிறத கொஞ்சம் விளக்கமா சொல்றேன். கோஆர்டினேட்ஸ்ல டிகிரி, அப்புறம் நிமிஷம் (டிகிரில அறுபதுல ஒரு பங்கு), அந்த நிமிஷத்துக்கு அப்புறம் மூணு தசம இடம் வரும், அந்தக் கடைசி இலக்கம் ஒண்ணு மாறினா வடக்கு-தெற்கா 1.85 மீட்டர் நகரும், கிழக்கு-மேற்கா பூமத்திய ரேகைல அதே அளவு, துருவத்துப் பக்கம் போகப் போகக் குறையும். திறந்த வானத்துக்குக் கீழ போன் ஜிபிஎஸ் சுமாரா 5 மீட்டர் பிசகும், அடர்ந்த மரத்துக்குக் கீழயோ உயரமான சுவருக்குப் பக்கத்துலயோ சிக்னல் எதிரொலிச்சு வந்து இன்னும் ஜாஸ்தி பிசகும். இதே பிசகு ஒளிச்சு வச்சவருக்கும் இருந்திருக்கும்ல, ரெண்டும் எதிரெதிர் பக்கமா போனா நீங்க நிக்கிற புள்ளில இருந்து 10 மீட்டர் தள்ளி டப்பா இருக்கிறது சாதாரணம். அதனால அம்புக்குறி ஜீரோ காட்டுற வரைக்கும் அந்த போனையே பார்த்துக்கிட்டு வட்டம் அடிக்கிறத விட்டுடுங்க. 30 மீட்டர் தூரத்துல நின்னு ரீடிங் நிலைக்கட்டும், அம்பு எந்தப் பக்கம் காட்டுதோ அந்தக் கோட்ட மனசுல வச்சுக்கோங்க, அப்புறம் வேற திசைல போய் அதே மாதிரி பாருங்க, ரெண்டு கோடும் வெட்டற இடத்துக்கு வந்ததும் போன பாக்கெட்டுல போட்டுடுங்க. அதுக்கப்புறம் கண்ணுதான் வேலை செய்யணும்.

கண்ணு என்ன தேடணும்னா, அங்க இயல்பா இருக்க முடியாதத. ஒரு மரத்தடிய எடுத்துக்கோங்க. காத்துல விழுந்த குச்சிகள் குறுக்கும் நெடுக்குமா கிடக்கும், ஒண்ணு வேருக்கு மேல சாஞ்சிருக்கும், ஒண்ணு பாதி மண்ணுல புதைஞ்சிருக்கும். அதுக்கு நடுவுல ஒரே நீளத்துல ஏழெட்டு குச்சி, எல்லாம் ஒரே பக்கமா படுத்து, வேரோட பொந்து வாய அளவெடுத்த மாதிரி மூடிட்டு இருந்தா அது மனுஷன் கை. கல்லுலயும் அப்படித்தான், மேல்பக்கம் பாசி படிஞ்சு அடிப்பக்கம் மண்ணு ஒட்டியிருக்கிறதுதான் வழக்கம், ஒரு கல்லு மட்டும் ஈரமான மண்ணுப் பக்கம் மேல பார்த்துத் திரும்பியிருந்தா யாரோ சமீபத்துல எடுத்து வச்சிருக்காங்க. புல்லு மிதிபட்டு சன்னமா ஒரு தடம் மெயின் பாதைல இருந்து பிரிஞ்சு ஒரு புதர்கிட்ட போய் சட்டுன்னு முடிஞ்சா, அதுவும் உங்களுக்கு முன்னாடி வந்தவங்க போட்டுக் கொடுத்த வழிதான். இப்படி பார்த்துப் பழகிட்டா கைய விட்டுத் துழாவறது தன்னால குறையும், அது ரொம்ப முக்கியம், ஏன்னா இருட்டுப் பொந்துக்குள்ள பார்க்காம கைய விடறது இந்த ஹாபில செய்யவே கூடாத காரியம். பாம்பு, தேள், குளவி எல்லாத்துக்கும் அதே பொந்துதான் பிடிக்கும். ஒரு சின்ன டார்ச், ஒரு குச்சி, முடிஞ்சா ஒரு சின்ன கண்ணாடி, இது போதும்.

கிடைச்சதும் லாக்ல பேர் போட்டு, எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பி வைங்க. இன்னும் நல்லா மறைக்கலாமேன்னு நாலடி தள்ளி வைக்கிறது உதவி இல்ல, அடுத்தவங்களுக்கு டிஎன்எஃப்ப உருவாக்குறது. பொருள் எடுத்தா அதே மதிப்புல இல்லன்னா அதுக்கு மேல ஒண்ணு வைங்க, டிராக்கபிள், அதாவது கேஷ் விட்டு கேஷ் பயணம் போற நம்பர் போட்ட பொருள், எடுத்தா அது உங்களுக்கு சொந்தம் இல்ல, வேற கேஷுக்கு நகர்த்தியாகணும். கிடைக்கலன்னா தயவுசெஞ்சு டிஎன்எஃப் போடுங்க, பெரும்பாலானவங்க கூச்சப்பட்டுப் போடறதில்ல, அந்த லாக் இல்லாம ஓனருக்கு டப்பா போன விஷயமே தெரியாது. கிடைக்கலன்னு தானே ஒரு புது டப்பாவ வச்சுட்டுக் கையெழுத்துப் போட்டு வர்ற ஆட்கள் இருக்காங்க, இதால ஒரே இடத்துல ரெண்டு டப்பா ஆகி ஓனர் தலைய பிச்சுக்கிறதுதான் மிச்சம். இன்னொண்ணு மனசார சொல்றேன், நல்ல கேஷ் கிடைச்சா நாலு வரி எழுதுங்க. ஒளிச்சு வச்சவருக்குக் கிடைக்கிற ஒரே சம்பளம் அதுதான், சம்பளம் வராத இடத்துல யாரும் ரெண்டாவது தடவை மெனக்கெட மாட்டாங்க.

இப்ப ஒளிக்கிற பக்கம். முதல்ல மாத்த முடியாத விதிகள், இதுல என் அபிப்பிராயத்துக்கு இடமே இல்ல. நிலத்தோட சொந்தக்காரர் இல்லன்னா நிர்வகிக்கிறவங்க அனுமதி வேணும். வேற கேஷோட டப்பாவுல இருந்தோ அதோட நடு கட்ட டப்பாவுல இருந்தோ குறைஞ்சது 161 மீட்டர் தள்ளி இருக்கணும், புதிரத் தீர்த்தாதான் இடம் தெரியற மிஸ்டரி கேஷோட, மேப்ல தெரியாத கடைசி டப்பா கூட நடுவுல இருக்கலாம், அதனால இடத்த முடிவு பண்றதுக்கு முன்னாடி புது கேஷ வெளியிடறதுக்கு முன்னாடி சரிபார்க்கிற ரிவ்யூவர்கிட்ட கேட்டுக்கறது புத்திசாலித்தனம். மிஸ்டரி கேஷா இருந்தா மேப்ல காட்டற புள்ளிக்கும் நிஜ டப்பாவுக்கும் 3.2 கிலோமீட்டருக்கு மேல தூரம் இருக்கக் கூடாது. நிலத்துக்காரர் தெளிவா ஒத்துக்கிட்டா ஒழிய குழி தோண்டிப் புதைக்கக் கூடாது, முதல் வாளியே பாதி புதைச்சு வச்சதுதான்னாலும் இன்னைக்கு அது செல்லாது. மரத்துல ஆணி அடிக்கிறது, சுவர்ல துளை போடறது, பொது சொத்துல எதையும் சேதப்படுத்துறது கிடையாது. உள்ள சாப்பாட்டுப் பொருள், மது, போதைப் பொருள், ஆயுதம், வெடி எதுவும் கூடாது, சாப்பாடு வாசனைக்கு மிருகம் வந்து டப்பாவையே கடிச்சுப் போட்டுடும். ஸ்கூல், ஏர்போர்ட், ராணுவ இடம், ரயில்வே பாலம் இந்த மாதிரி இடத்துப் பக்கமே போகாதீங்க. சந்தேகப்பட்டு வெடிகுண்டு நிபுணர்கள கூப்பிட்ட சம்பவங்கள் பல நாட்டுல நடந்திருக்கு, அதனால டப்பா மேல இது ஜியோகேஷ்னு பெருசா எழுதி, முடிஞ்சா உள்ள இருக்கிறது வெளிய தெரியற மாதிரி டப்பாவா பாருங்க. இதுக்கு மேல ஒவ்வொரு நாட்டுக்கும் பகுதிக்கும் தனி விதிகள் உண்டு, உங்க பகுதிக்கு உண்டான பக்கத்த படிக்காம எதையும் வாங்காதீங்க. இன்னும் ஒண்ணு, ஒளிக்கிறதுக்கு முன்னாடி குறைஞ்சது 20 கேஷாவது கண்டுபிடிச்சிருக்கச் சொல்றாங்க, அத நீங்க தாண்டியாச்சு, ஆனா முப்பதுல பாதி கம்பத்து டப்பான்னா நல்லதா இன்னும் ஒரு பத்து பார்த்துட்டு வைங்கன்னுதான் நான் சொல்வேன்.

இடம் தேர்ந்தெடுக்கறப்போ அழகு மட்டும் பார்த்தா பத்தாது. ஜனங்க அங்க வந்து என்ன பண்ணுவாங்கன்னு நின்னு யோசிங்க. ஒரு ஆள் தேடற மாதிரி யோசிக்காதீங்க, அடுத்த ரெண்டு வருஷத்துல நூறு பேர் அதே அஞ்சு மீட்டர் வட்டத்துல உக்காந்து, குனிஞ்சு, எல்லாத்தையும் தூக்கிப் பார்க்கப் போறாங்கன்னு யோசிங்க. ஈரமான சரிவு, பாசி மூடின பாறை, பறவை கூடு கட்டற புதர், இதெல்லாம் அந்த மிதிய தாங்காது. சாந்து இல்லாம அடுக்கின பழைய கல் சுவர்ல வைக்கவே வைக்காதீங்க, "சுவர பிரிக்க வேணாம்"னு கொட்டை எழுத்துல போட்டாலும் ஒரு கல்ல உருவிப் பார்க்கிறவங்க வருவாங்க, ரெண்டு சீசன்ல சுவரே சரிஞ்சுடும். பாதைல இருந்து கெட்டியான தரை வழியா போய்ச் சேரற மாதிரி, தேடற ஆள் வேற யாருக்கும் சந்தேகம் வராம ரெண்டு நிமிஷம் நிக்கிற மாதிரி இடமா இருக்கணும். உக்கார ஒரு பெஞ்சோ பாறையோ பக்கத்துல இருந்தா அதுவே பெரிய மறைவு, உக்காந்திருக்கிறவங்கள யாரும் ரெண்டாவது தடவை பார்க்கிறதில்ல. காட்சி நல்லா இருக்கிற பாயின்ட்டும் டப்பா வைக்க ஏத்த பாயின்ட்டும் ஒண்ணாவே இருக்கணும்னு இல்ல, மேட்டுல நின்னு ரசிக்கட்டும், டப்பா நாற்பது அடி கீழ இருக்கட்டும், தளத்துல கேஷோட பக்கத்துல எழுதினா புரிஞ்சுக்குவாங்க.

ஒளிக்கிற விதம் பத்தி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கஷ்டம் வேற, சலிப்பு வேற. ஆயிரம் கல்லு கொட்டிக் கிடக்கிற இடத்துல ஒரு கல்லுக்கு அடில விரல் நுனி சைஸ் நானோவ வச்சுட்டு டிஃபிகல்டி 4னு போடறது வைக்கோல் போர்ல ஊசிய போட்டுட்டுத் தேடச் சொல்றதுதான், அதுல கண்டுபிடிச்சவருக்கும் பெருமை இல்ல, வச்சவருக்கும் திறமை இல்ல, அந்த இடமும் புரட்டிப் புரட்டி நாசமாகும். நல்ல கஷ்டம் எப்படி இருக்கும்னா, கண்ணு முன்னாடியே இருக்கும், தொட்டுப் பார்க்கிற தூரத்துல இருக்கும், ஆனா அது கேஷா இருக்கும்னு மனசு ஒத்துக்காது. காய்ஞ்ச கிளை ஒண்ணு தரைல கிடக்கு, பட்டை, முடிச்சு எல்லாம் சரியா இருக்கு, தூக்கினா எடை மட்டும் கொஞ்சம் கம்மி, திருகினா ஒரு முனை கழண்டு உள்ள டியூப். கண்டுபிடிச்ச நொடில சிரிப்பு வரும் பாருங்க, அந்தச் சிரிப்புக்குத்தான் ஜனங்க பேவரிட் பாயின்ட் தர்றாங்க. இதுக்கு ஒரே கட்டுப்பாடு, நிஜ மின்சாரப் பெட்டி மாதிரியோ நிஜ தண்ணிக் குழாய் மாதிரியோ வேஷம் போட வேணாம். அப்படிப் பழகினவங்க அடுத்த கேஷுல நிஜ மின் பெட்டியத் திறந்துடுவாங்க.

புதிர் வைக்கிறதா இருந்தா சுருக்கமா ஒண்ணு சொல்லிடறேன், தீர்த்த உடனே இதுதான் விடைன்னு சந்தேகமில்லாம தெரியணும், விடைய சரிபார்க்க ஒரு செக்கர் வைங்க, நீங்க ஒருத்தர் மட்டுமே யோசிக்கக்கூடிய தாவல் ரெண்டு மூணு அடுத்தடுத்து வச்சா அது புதிர் இல்ல. மல்டின்னா ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு டப்பா வைக்காம, அங்க ஏற்கனவே இருக்கிற கல்வெட்டு, பலகை, படிக்கட்டு எண்ணிக்கைன்னு தகவல எடுக்க வைங்க, காணாமப் போக எதுவும் இல்ல, 161 மீட்டர் விதியும் அந்தக் கட்டங்களுக்குப் பொருந்தாது.

டப்பா. நீங்க முதல்ல கேட்டது இதுதான். ரப்பர் கேஸ்கட் போட்டு நாலு பக்கமும் கிளிப் மாட்டற சாப்பாட்டு டப்பா நல்லது, ராணுவத்துல தோட்டா வைக்கிற இரும்புப் பெட்டி அதவிட நல்லது, சின்னதுக்கு பெட் பாட்டில் ஊதறதுக்கு முன்னாடி இருக்கிற குழாய் மாதிரி ப்ரீஃபார்ம் அருமை, கெட்டியான பிளாஸ்டிக், திருகு மூடி, தண்ணி உள்ள போகாது. பிலிம் டப்பா வேணவே வேணாம், மூடி அமுங்கறப்போ இறுக்கமா இருக்கிற மாதிரி தெரியும், ஆனா வெயில்ல விரிஞ்சு ராத்திரி சுருங்கி ஈரத்த உள்ள இழுத்துடும். கண்ணாடி ஜாடி உடையும். வாங்கினதும் ஒரு சோதனை பண்ணுங்க, உள்ள ஒரு டிஷ்யூ பேப்பர மடிச்சு வச்சு மூடி, மேல கல்ல வச்சு வாளித் தண்ணிக்குள்ள ராத்திரி முழுக்க அமுக்கி வைங்க, காலைல டிஷ்யூ ஒரு மூலைல நனைஞ்சிருந்தா கூட அது வேலைக்காகாது. கேஸ்கட்ல ஒரு மணல் துகளோ, லாக் பேப்பரோட ஓரமோ மாட்டிக்கிட்டா எந்த டப்பாவும் ஒழுகும், அதனால சின்ன டப்பாக்குள்ள பெரிய லாக் புக்க திணிக்காதீங்க, ஜிப் பையும் சேர்த்து அடைக்காதீங்க, அந்தப் பை நாலாவது தடவை கிழிஞ்சு, அப்புறம் தண்ணிய பிடிச்சு வைக்கிற பையாகிடும். நனையாத பேப்பர் கிடைச்சா அதுல லாக், எழுத பென்சில் வைங்க, பேனா வெயில்ல காயும், ஈரத்துல கரையும். வர்ற ஆளுக்கு ஒரு குழந்தையும் கூட வரும்னா ஸ்மால் இல்லன்னா ரெகுலர் சைஸுக்குப் போங்க, டப்பாவத் திறந்து உள்ள என்ன இருக்குன்னு பார்க்கிற சந்தோஷம் நானோல கிடையாது.

கோஆர்டினேட்ஸ் எடுக்கிறதுல அவசரமே கூடாது. டப்பா மேல போன வச்சு ரெண்டு நிமிஷம் விடுங்க, ஆவரேஜ் எடுக்கிற ஆப் இருந்தா அதப் பயன்படுத்துங்க, அப்புறம் 30 மீட்டர் விலகிப் போய்த் திரும்பி வந்து மறுபடி எடுங்க, இன்னொரு நாள் இன்னொரு நேரம் போய் இன்னும் ஒரு தடவை எடுங்க, சாட்டிலைட் எல்லாம் இடம் மாறியிருக்கும். எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கிட்ட வந்தா சராசரிய போடுங்க. சாட்டிலைட் படத்துல மட்டும் பார்த்து எடுத்துடாதீங்க, அந்தப் படமே சில மீட்டர் தள்ளிப் பொருந்தியிருக்கலாம். கடைசியா, இடம் தெரியாத ஒரு நண்பர்கிட்ட அந்த நம்பர மட்டும் கொடுத்துத் தேடச் சொல்லிட்டு நீங்க வாய மூடிட்டு தள்ளி நில்லுங்க, அவர் முதல்ல எங்க கை வைக்கிறார்னு பார்த்தாலே பாதி குறை தெரிஞ்சுடும்.

டெரெய்ன் ரேட்டிங்ல ஒரு விஷயம் ரொம்ப கவனமா இருக்கணும். 1ன்னா நடக்க சுலபம்னு மட்டும் அர்த்தம் இல்ல, சக்கர நாற்காலில வர்றவங்க போய்ச் சேர முடியும்னு அர்த்தம். வழியில ஒரே ஒரு படி இருந்தாலும் அது 1 இல்ல. அத நம்பி கிளம்பி வந்து பத்தடி தூரத்துல மாட்டிக்கிட்டு திரும்பற நிலைமைய யாருக்கும் கொடுக்காதீங்க. மறு கோடில 5ன்னா படகோ கயிறோ மாதிரி விசேஷ உபகரணம் வேணும். கயிறு கட்டி ஏறுறது, தண்ணிக்கு அடில வைக்கிறது இதப் பத்தி நான் ஆலோசனை சொல்ல மாட்டேன், அது என் பழக்கத்துக்கு வெளிய, முறையா பயிற்சி எடுத்தவங்ககிட்ட மட்டும் கேளுங்க.

கேஷோட பக்கத்த தளத்துல எழுதறப்போ, ஏன் இந்த இடம்னு உங்க வார்த்தைல சொல்லுங்க, கலைக்களஞ்சியத்துல இருந்து வெட்டி ஒட்டினத யாரும் படிக்கிறதில்ல. எங்க இருந்து நடக்க ஆரம்பிக்கணும், மழைக்கு அப்புறம் வழி எப்படி இருக்கும், இருட்டினா போகலாமான்னு இருக்கணும். ஹின்ட் நிஜமாவே உதவணும், "கண்ண நம்பு"ன்னு போடறது ஹின்ட் இல்ல, இருபது நிமிஷம் தேடி களைச்சவருக்கு அது எரிச்சலதான் தரும். ஹின்ட்ட தளம் ராட் 13 முறைல மறைச்சுக் காட்டும், அது ஆங்கிலத்தோட 26 எழுத்தையும் 13 இடம் தள்ளிப் போடறது, தமிழ் எழுத்து அதுல மாறாது, அதனால தமிழ்ல ஹின்ட் எழுதினா மறையாம அப்படியே தெரியும், அதுக்குத் தகுந்த மாதிரி எழுதுங்க.

வச்சதுக்கு அப்புறம்தான் நிஜ வேலை. சுற்றுலா போன ஊர்ல பிடிச்ச இடத்துல வச்சுட்டு வந்துடலாம்னு தோணும், பராமரிக்க ஆள் இல்லாம அத ரிவ்யூவர் அனுமதிக்க மாட்டார், அது சரியும் கூட. லாக் நனைஞ்சிருக்குன்னு யாராவது எழுதினா கொஞ்ச நாளுக்குள்ள போகிற தூரத்துல வைங்க. போக முடியலன்னா தற்காலிகமா மூடி வைங்க. ஒரு கட்டத்துல ஆர்வம் போயிடுச்சுன்னா ஆர்கைவ் பண்ணலாம், அதாவது நிரந்தரமா மூடிடலாம், தப்பே இல்ல, ஆனா அன்னைக்கே நேர்ல போய் டப்பாவ எடுத்துட்டு வந்துடுங்க, தளத்துல இருந்து மறைஞ்சாலும் காட்டுல கிடக்கிற பிளாஸ்டிக் மறையறதில்ல.

உங்க முதல் கேஷுக்கு என் யோசனை, கொடுத்த கோஆர்டினேட்ஸ்லயே டப்பா இருக்கிற ஒரு டிரெடிஷனல், ஸ்மால் இல்லன்னா ரெகுலர் சைஸ், டிஃபிகல்டி 2, டெரெய்ன் 2, உங்களுக்கே அடிக்கடி போகப் பிடிச்ச ஒரு நடைபாதைல. ஒண்ணே ஒண்ணு வைங்க. முதல் பத்து லாக் வர்ற வரைக்கும் ரெண்டாவதப் பத்தி யோசிக்காதீங்க. வந்ததும் படிச்சுப் பாருங்க, இடத்தப் பத்தி எழுதியிருக்காங்களா, ஒளிச்சதப் பத்தியா, இல்ல ரெண்டையும் விட்டுட்டு வழில சேறுன்னு மட்டும் எழுதியிருக்காங்களா, அத வச்சு அடுத்தத தீர்மானிக்கலாம். ரிவ்யூவருக்குப் பக்கத்த அனுப்பறப்போ அனுமதி யார்கிட்ட வாங்கினீங்க, டப்பா எதுக்குள்ள எப்படி இருக்கு, என்ன வச்சு நிக்குதுன்னு அவருக்கு மட்டும் தெரியற குறிப்புல முழுசா எழுதிடுங்க, ஒரு போட்டோவும் சேருங்க, அவங்களும் சம்பளம் இல்லாம செய்யற தன்னார்வலர்கள்தான், கேள்வி கேட்டு அனுப்பற ரெண்டு மூணு சுத்து மிச்சமாகும்.